உடைய மறுத்த கண்ணாடி

கொத்தனாருக்கு ஒரு பலவீனம் உண்டு. அவர் பூசிய சுவரை யாராவது தடவிப் பார்த்து "அடடா" என்றால் போதும், மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும். குடி இல்லை, சீட்டு இல்லை, இது ஒன்றுதான். இந்த ஒன்றே அவரை நடுத்தெருவில் நிறுத்திவிட்டது.

ஊருக்கு அடியில் நாற்பது வருஷம் சுரங்கம் தோண்டினார்கள். மேலே இருக்கிற ஊர் சும்மா இருக்குமா? முதலில் பள்ளிக்கூடத்துத் தரை பிளந்தது. பிறகு தெருத் தெருவாகச் சுவர்கள் விரிந்தன. யார் வீட்டில் விரிசல் என்றாலும் கொத்தனாருக்குத்தான் ஆள் வரும். தன் வீட்டு விரிசலை மட்டும் அவர் யாருக்கும் காட்டவில்லை. மனைவி பயந்த சுபாவம். அவள் தையல் கம்பெனிக்குப் போன நேரம் பார்த்துப் பூசி, வெள்ளையும் அடித்து, ஈரம் தெரியாமலிருக்க பீரோவை இழுத்து முன்னால் வைத்துவிடுவார். மாலையில் ஒன்றும் தெரியாதவர்போல் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

கடைசியில் ஊரையே பெயர்த்துப் பத்து கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. சுரங்க நிர்வாகத்து அதிகாரி அம்மா வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நல்ல வீட்டுக்குப் புது ஊரிலும் நல்ல வீடாகக் கொடுப்பார்கள் என்று கொத்தனார் தானாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்த அம்மா சுவரைத் தடவினார்.

"இவ்வளவு வழவழன்னு இருக்கே! யார் பூசினது?"

"நான்தாங்க. இருபத்தாறு வருஷம் ஆச்சு. இந்த வீட்ல ஒரு மயிரிழைக் கீறல் காட்டுங்க, தொழிலையே விட்டுடறேன்."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே அதை எழுதி நீட்டினார். இவரும் கையெழுத்துப் போட்டு, டீ வேறு கொடுத்து அனுப்பினார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

பஸ் நிலையத்தில் பட்டியல் ஒட்டினார்கள். தெருவில் பதினெட்டு வீடு. பதினேழுக்குப் புது ஊரில் இடம். இவர் வீட்டுக்கு நேரே, 'பாதிப்பு இல்லை'.

 கொத்தனார் வீட்டுக்கு ஓடிவந்து உளியும் சுத்தியலும் எடுத்துத் தன் பூச்சைத் தானே கொத்தித் தள்ளினார். அடியில், பூசிய அன்று கை நுழைகிற அளவுக்கு இருந்த விரிசல், நிலம் மறுபடி அசைந்ததில் இப்போது ஒட்டிப்போய் நூல் மாதிரி இருந்தது. அதிகாரி அம்மா வந்து பார்த்தார்.

"நீங்களே இடிச்சுட்டு நீங்களே கூப்பிட்டா எப்படிங்க?"

கொத்தனார் அவர் காலில் விழாத குறை. மனம் இளகி அந்த அம்மா விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதினார். நிலம் அசைந்தால் சுவர் விரியும், கண்ணாடி உடையும்.

"ஒரு மாசம் டைம். தானா உடைஞ்சா உங்களுக்கு வீடு. தட்டி உடைச்சா பார்த்ததுமே தெரிஞ்சுடும்."

தன் வீடு உடைய வேண்டும் என்று ஒரு கொத்தனார் வேண்டிக்கொண்டதை அந்த வீடு அந்த மாதம்தான் கண்டது. காலையில் முகம் கழுவுவதற்கு முன்னால் கண்ணாடியைப் பார்ப்பார். அது பளிச்சென்று இருக்கும். எதிர் வீட்டு டீக்கடைக்காரர் லாரியில் ஏறும்போது, "வந்துடுவ, கவலைப்படாத" என்றார், முகத்தைப் பார்க்காமல். மின்கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். மாதக் கடைசியில் தண்ணீரையும் நிறுத்துவதாக நோட்டீஸ் வந்தது. இரண்டு தடவை அவர் சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டு, பயந்து கீழே வைத்தார்.

முப்பதாம் நாள் அதிகாரி அம்மா வந்தார். கண்ணாடி முழுசாக இருந்தது. 'அசைவு இல்லை' என்று எழுதப் போனபோது, யாரிடமும் வாய் திறக்காத மனைவி முன்னால் வந்தாள்.

"வாசலுக்கு வாங்க மேடம். முன்னெல்லாம் இங்க நின்னா பஸ் நிலையத்து மதிலுக்கு மேல தண்ணித் தொட்டி முழுசாத் தெரியும். இப்ப மூடி மட்டும்தான் தெரியுது. தொட்டியா இறங்குச்சு? நாங்கதான் இறங்கிட்டிருக்கோம்."

அந்த அம்மா வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க சொல்றது நிஜம்தாம்மா. வீடு மொத்தமா ஒரே சீரா இறங்கினா சுவர் விரியாது, கண்ணாடியும் உடையாது. ஆனா எங்க படிவத்துல கண்ணாடியைப் பத்தி மட்டும்தான் கேட்டிருக்காங்க."

ஜீப் போய்விட்டது. தெருவில் வேறு சத்தமே இல்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் கொத்தனார்.

"எல்லாம் தெரியும். பீரோ இடம் மாறினா பின்னாடி விரிசல்னு தெரியும். நீங்க அவ்வளவு பெருமையா உட்கார்ந்திருப்பீங்க. எப்படிங்க சொல்றது?"

  என்ன செய்வதென்று தெரியாமல் அவர் மிச்சமிருந்த சிமெண்டைக் குழைத்துக் கொண்டுவந்து, கொத்திப்போட்ட சுவர் முன்னால் நின்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே யாருக்குங்க பூசுறீங்க?"

கரண்டியில் இருந்த கலவை இறுகும்வரை அவர் அப்படியே நின்றார்.