நான் நிரப்பிய காற்று

சகோதரங்களே, எங்கள் கோவில் பங்கில் என்னைச் செபக்காரி என்று சொல்பவர்கள் உண்டு. இதை வாசித்து முடித்த பிறகும் அப்படிச் சொல்வார்களோ தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன். என் அலட்சியத்தால் ஒரு மனிதன் சாகக் கிடந்தான். அவன் சாகக் கிடந்தபோது நான் அவன் மேலேயே பழியைப் போட்டேன். அதற்குப் பிறகும் ஆண்டவர் என் குரலைக் கேட்டார் என்பதுதான் என் சாட்சி.

என் பெயர் பிலோமினா. ஊர் தலைமன்னார். யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு சேவியர் அண்ணை எங்கள் கரையில் ஒரு சிறிய விடுதி கட்டி, டைவிங் தொழில் தொடங்கினார். கடலுக்கடியில் பாறைத் திட்டாக இருக்கிற கல்பார்களையும் மீன் கூட்டங்களையும், சிலாவத்துறைப் பக்கம் மூழ்கிக் கிடக்கிற பழைய கப்பலையும் பார்க்க ஆட்கள் வருவார்கள். மாலைதீவிலெல்லாம் இறங்கியவர்கள்கூட எங்கள் கடலில் இறங்கிவிட்டு வந்து, இவ்வளவு மீனை அங்கேயும் காணவில்லை என்பார்கள். அவர்களை இறக்கிக் கூட்டிக்கொண்டு போகிறவன் றிபாய், சிலாவத்துறைப் பெடியன். அவர்கள் முதுகில் கட்டுகிற சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்புவது என் வேலை.

பெற்றோல் எஞ்சினில் ஓடுகிற கொம்பிரசர் அது. வெளிக்காற்றை ஒரு நீளக் குழாயால் இழுத்து, இறுக்கி, சிலிண்டருக்குள் அடைக்கும். முதல் நாளே சேவியர் அண்ணை சொல்லித் தந்தார்: "பிலோ, காத்து எந்தப் பக்கத்தால வருதோ அந்தப் பக்கம்தான் குழாய் நிக்க வேணும். எஞ்சின் புகை அதுக்குள்ள போச்சுதெண்டால் கீழ இறங்கிறவன் துலைஞ்சான். காத்துத் திரும்பினால் உடன நிப்பாட்டு."

ஐந்து வருடம் அப்படித்தான் செய்தேன். ஒரு பிழையும் விட்டதில்லை.

அந்த வருடம் தவக்காலமும் முஸ்லிம்களின் நோன்பு மாதமும் ஒன்றாக வந்தன. மூன்றாம் வெள்ளிக்கிழமை. மறுநாள் காலையில் கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு கணவனும் மனைவியும் இறங்க இருந்தார்கள். நான் ஐந்து சிலிண்டர் நிரப்ப வேண்டும். பின்னேரம் கோவிலில் சிலுவைப்பாதை. அன்றைக்கு முன்னுக்கு நின்று செபம் வாசிப்பது நான். புதுச் சேலையைத் தேய்த்துக் கொண்டுவந்து விடுதியிலேயே வைத்திருந்தேன்.

இரண்டு சிலிண்டர் நிரம்பியபோது காற்றுத் திரும்பியது. வாடைக் காற்று விழுந்து கச்சான் காற்று எடுக்கிற காலம், பின்னேரத்தில் அப்படித்தான் திரும்பும். எஞ்சின் புகை குழாய் நின்ற பக்கமாகப் போவதை நான் கண்டேன். மணமும் வந்தது. எஞ்சினை நிப்பாட்டிக் குழாயை மற்றப் பக்கம் கொண்டுபோய்க் கட்ட இருபது நிமிடம் பிடிக்கும். அதற்குள் கோவில் மணி அடித்தது. வேறு எவளாவது செபப் புத்தகத்தைக் கையில் எடுத்துவிடுவாளே என்றுதான் என் மனம் ஓடியது. கொஞ்சப் புகைதானே, ஒன்றும் செய்யாது என்று மிச்ச மூன்று சிலிண்டரையும் அப்படியே நிரப்பிவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு ஓடினேன்.

அன்றைக்கு நன்றாக வாசித்ததாக எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் றிபாய் முன்னுக்கு நின்ற இரண்டு சிலிண்டரையும் விருந்தாளிகளுக்குக் கட்டிவிட்டு, மூன்றாவதைத் தான் கட்டிக்கொண்டு போனான். ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, போட் திரும்பி வந்தது. றிபாய் அதற்குள் சுருண்டு கிடந்தான். கீழே அவன் நிலைதடுமாறி ஒரே இடத்தைச் சுற்றியதாகவும், தான் பிடித்து மேலே கொண்டுவந்ததாகவும் அந்தக் கணவர் சொன்னார். மேலே வந்து வாந்தி எடுத்தானாம், பிறகு நினைவில்லையாம்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

சேவியர் அண்ணை தலையில் கை வைத்தார். "நோன்போட இறங்காதை, இறங்காதை எண்டு எத்தினை தரம் சொன்னனான் இவனுக்கு!"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம் அண்ணை. பச்சைத் தண்ணியும் இல்லாமல் கடலுக்க இறங்கினால் உடம்பு தாங்குமே?"

முந்தின நாள் நானும் ஒருசந்தி பிடித்தவள்தான். ஒருநேரச் சாப்பாட்டோடு நின்றதை நாலு பேருக்குச் சொல்லியும் இருந்தேன்.

அண்ணை விருந்தாளிகளோடு நிற்க, அம்புலன்ஸில் நான்தான் கூடப் போனேன். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர் என்ன நடந்தது என்று கேட்டா. நோன்பு என்று மறுபடியும் சொன்னேன். அம்புலன்ஸில் போட்டிருந்த ஒட்சிசன் மூடி அவன் முகத்தில் இருந்தது. விரலில் ஒரு சிறிய கருவியை மாட்டிப் பார்த்தா. ஒட்சிசன் இலக்கம் நல்லாக இருந்தது. நான் சொன்னதை நம்பி, மூடியைக் கழற்றிவிட்டு சேலைன் ஏற்றினா. அவன் கண் திறக்கவில்லை. பொழுது போகப் போக மூச்சு இன்னும் மோசமானது. கடலுக்கடியிலிருந்து வேகமாக மேலே வந்ததால் வந்த வருத்தமோ, தூர இடத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமோ என்று டொக்டர்மார் கதைத்துக்கொண்டார்கள்.

நான் வெளியே கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. நான் அன்று செய்த முதல் செபம் றிபாய்க்காக அல்ல. "மாதாவே, இது ஒருத்தருக்கும் தெரியவராமல் பாரும்" என்றுதான் கேட்டேன். ஒவ்வொரு மணிக்கும் அதைத்தான் கேட்டேன்.

மத்தியானத்துக்குப் பிறகு றிபாயின் மனைவி சிபானா பஸ்ஸில் வந்து இறங்கினாள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள். என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்கள் பெரிய செபக்காரி எண்டு இவர் வீட்டில சொல்லுவார். நீங்களும் கேளுங்கோ அக்கா. ஆர் கேட்டாலும் அல்லாஹ் கேப்பான்."

பிறகு தன் இரண்டு கையையும் ஏந்தி, எனக்குக் கேட்கத்தக்கதாகத் துஆக் கேட்டாள். "யா அல்லாஹ், என்ர மனுசனைத் தா. இந்த அக்காவுக்கும் நல்லதைக் குடு. தன்ர வேலையை விட்டிட்டு இவரோட வந்து இருக்கிறா."

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. எழும்பிப்போய்க் குழாயடியில் நின்றேன். ஆண்டவரிடம் அந்த நேரம் நான் கேட்டது இவ்வளவுதான்: "யேசுவே, நான் சொல்ல வேணும். என்ர வாயால வருகுதில்லை. வரப் பண்ணும். அவனைச் சாக விடாதையும்."

திரும்பி உள்ளே போனது என் பலத்தால் அல்ல என்று எனக்குத் தெரியும். டொக்டரின் மேசைக்கு முன்னால் நின்றேன். "பிள்ளை, நோன்பு இல்லை. அவன்ர சிலிண்டருக்க எஞ்சின் புகை. நான்தான் நிரப்பினனான். தெரிஞ்சுகொண்டு நிரப்பினனான்."

அவ கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினா. "இதை ஏன் அம்மா அப்பவே சொல்லேல்லை? புகை இரத்தத்தில ஏறினால் இந்த மிஷின் பிழையாத்தான் காட்டும்!" ஓடிப்போய் ஒட்சிசன் மூடியைத் திரும்ப மாட்டி, முழுதாகத் திறந்துவிட்டா. இரத்தம் எடுக்கச் சொன்னா. பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டா: "அந்தப் புகை அடைச்ச சிலிண்டர் வேற இருக்கோ?"

இன்னும் இரண்டு இருந்தன. விருந்தாளிகள் மறுநாள் கொழும்புக்குப் போகிறவர்கள். அந்தக் கணவரைப் பின்னேரம் தானே கூட்டிக்கொண்டு இறங்குவதாகச் சேவியர் அண்ணை நான் அம்புலன்ஸ் ஏறும்போதே சொல்லியிருந்தார்.

அண்ணையின் போனுக்கு அடித்தேன். ஓஃப் ஆகி நின்றிருந்தது. போட் ஓட்டுகிற யோகனுக்கு அடித்தேன். போகவில்லை. எங்கள் பக்கத்துக் கடலில் கொஞ்சத் தூரம் போனால் போன் இந்தியக் கோபுரத்தைப் பிடித்துவிடும், பிறகு எங்கள் அழைப்பு ஒன்றும் போய்ச் சேராது. அங்கே தொழில் செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். அதற்குள் அண்ணை கல்பாருக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். இரண்டாம் தரம் அடித்தேன். போகவில்லை. மூன்றாம் தரம் அடிக்கும்போது சத்தமாகவே அழுதேன், "ஆண்டவரே, என்ர மானம் போனால் போகட்டும், இந்த ரெண்டு பேரையும் விட்டிடும்."

மணி அடித்தது. யோகன் எடுத்தான்.

"யோகன், ஒருத்தரையும் இறக்காதை! சிலிண்டருக்க புகை!"

அண்ணை அந்த நேரம் போட்டின் விளிம்பில் முதுகைக் காட்டிக்கொண்டு, காற்றுக் குழாயை வாயில் கடித்தபடி, விழுவதற்குத் தயாராக இருந்தாராம். யோகன் அவருடைய பட்டியைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டானாம். அந்தக் கல்பாரில் அதற்கு முன்னும் பின்னும் யோகனின் போனுக்கு ஒரு அழைப்பும் வந்ததில்லை.

நோன்பு திறக்கிற நேரத்தில் றிபாய் கண் முழித்தான். பெண்சாதியின் பெயரைச் சொன்னான். புகை ஏறியிருந்ததை இரத்தத்திலும் கண்டுவிட்டார்கள்.

மறுபடியும் என் கையைப் பிடித்திருந்த சிபானாவிடம் நானே சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிடித்திருந்த என் கையை விட்டாள். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்:

"நோன்பால எண்டு சொன்னதும் நீங்கள்தானோ?"

"ஓம்" என்றேன்.

புகையைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. அந்த ஒரு கேள்வி இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பூசை முடிய எல்லோருக்கும் முன்னால் சொல்ல உத்தரவு கேட்டேன். சொன்னேன். சிலர் என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள், அது நியாயம். அடுத்த கிழமை சிலாவத்துறைக்குப் போய், நோன்பால்தான் இப்படி வந்தது என்ற கதை யார் யாருக்குப் போயிருந்ததோ, அவர்கள் வீடுகளுக்கு ஏறி இறங்கி உண்மையைச் சொன்னேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள். தேத்தண்ணி குடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

சேவியர் அண்ணை ஆறு மாதம் என்னைக் கொம்பிரசருக்குக் கிட்ட விடவில்லை. பிறகு கூப்பிட்டார். றிபாய் வேண்டாமென்று சொல்லவில்லை என்று மட்டும் சொன்னார்.

இப்போது றிபாய் நான் நிரப்பிய ஒவ்வொரு சிலிண்டரையும் எனக்கு முன்னாலேயே திறந்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்க்கிறான். முன்பு அப்படிச் செய்ததில்லை. நான் பக்கத்தில் நிற்கிறேன். அவன் தலையை ஆட்டிய பிறகுதான் அடுத்ததை எடுக்கிறேன். அவன் உயிரோடு நின்று மணந்து பார்க்கிறானே, அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

கோவிலில் இப்போது பின் வாங்கில் இருக்கிறேன். அங்கிருந்து கேட்டாலும் அவருக்குக் கேட்கிறது.

சகோதரங்களே, உங்களில் யாராவது என்னைப்போல ஒன்றை மறைத்துக்கொண்டு செபமாலை உருட்டினால், உங்களை எனக்குத் தெரியும். மறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். வாயைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் திறப்பார். அதற்குப் பிறகு வருகிற வெட்கத்தில் நீங்கள் சாகமாட்டீர்கள். அவர் கூட இருப்பார், நான் கண்டேன். இன்றைக்கே கேளுங்கள். யாரோ ஒருவர் போட்டின் விளிம்பில் இருக்கலாம்.