கை போகுமுன் கசந்த முகம்

மாரியாயி பறித்த கொழுந்தில் குறை இல்லை. இருப்பதாகச் சொல்லி, இழுப்பு நோய் உள்ள அவளைக் களைமருந்து அடிக்கும் வேலைக்கு மாற்றியவன் நான்தான்.

எழுபதுகளின் கடைசி. ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெளிக்காட்டுக் கிராணியாக, அதாவது பறிப்பு வேலையைப் பார்க்கும் கணக்கனாக, இருந்தேன். கூடைக்குள் கைவிட்டு அளைந்து, முத்தல் இலை தட்டுப்பட்டால் அந்தக் கூடையைக் கழிக்க வேண்டும். படித்தவன், நியாயஸ்தன் என்று என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம். மூன்று மாதமாக மாரியாயியின் கூடையில் மட்டும் தினமும் முத்தல் அகப்பட்டது. என் விரல்களை நான் சந்தேகிக்கவில்லை.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது கங்காணி பெருமாள் விஷயத்தை உடைத்தார். அன்று காலை மாரியாயியும் பக்கத்து நிரைக்காரி பாப்பாத்தியும் கூடைகளை மாற்றிச் சுமந்து வந்தார்களாம். பாப்பாத்தி பறித்ததைக் கழித்துவிட்டு, மாரியாயி பறித்ததை மெச்சியிருக்கிறேன்.

"கை கூடைக்குள்ள போறதுக்கு முந்தியே உங்க மொகம் கசந்துடுதுங்க கிராணி. அந்த மோட்டார் விழுந்த கதைதானே?"

அப்போதுதான் நினைவு வந்தது. தோட்டத்து மேலாளரான துரை பார்த்துக்கொண்டிருக்க, மோட்டார் சைக்கிளோடு சேற்றில் விழுந்தேன். முதலில் சிரித்தவள் மாரியாயி. அதை மறந்துவிட்டதாகத்தான் நம்பியிருந்தேன். மனமோ மறக்காமல், என்னைக் கேட்காமலே என் கையை வேலை வாங்கியிருக்கிறது.

அதுவரை செய்தது தெரியாமல் செய்தது. மறுநாள் செய்தது தெரிந்தே செய்தது. கிராணி ஏமாந்த கதையைச் சொல்லி தொழிலாளர் லயம் முழுவதும் சிரிக்குமே என்று பயந்து, அவள் கொழுந்தில் குறை இருப்பதாகவே சாதித்து, அவளை மாற்றும்படி எழுதிக் கொடுத்தேன். பத்தாம் நாள் முதுகில் சுமந்த மருந்துக் கலமான தோம்போடு மூச்சு முட்டி மலைச்சரிவில் உட்கார்ந்துவிட்டாள்.

துரையிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நன்றாக ஏசிவிட்டு, அவளைக் கொழுந்துக்குத் திருப்பி அனுப்பினார். அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அதெல்லாம் வேணாங்க," என்றாள். "ஆளப் பாக்காம எலையப் பாருங்க, போதும் லா."

அன்றிலிருந்து பெண்கள் கூடைகளைக் கித்தானில் வைத்துவிட்டு விலகி நிற்க, யாருடையது என்று தெரியாமலே பார்க்கத் தொடங்கினேன். இரண்டாம் வாரம் ஒரு கூடையைக் கழித்தேன். அதை எடுக்க வந்தவள் மாரியாயி. கழித்த கூடையைச் சட்டென்று நல்ல கூடைகளின் பக்கம் இழுத்தது என் கை.

அவள் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க கிராணி. இன்னிக்கு நெசமாவே முத்தல்தான்."