தலைவரின் வரலாற்றில் அம்மா சேர்த்த வரி

ஏழு முறை ஜெயித்து டெல்லிக்குப் போன ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாற்றை எட்டாம் வகுப்பிலேயே நான் தலைகீழாக ஒப்பிப்பேன். எந்த வயதில் சிறைக்குப் போனார், எந்த இலாகாவுக்கு மந்திரியானார், எந்த நாட்டு ராஜாவோடு கைகுலுக்கினார், எல்லாம் அத்துப்படி. என் சொந்தத் தாத்தாவின் பெயரைக் கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பேன்.

காரணம் மாமா, அம்மாவின் தம்பி. தலைவர் மூன்று தடவை கட்சி மாறினார். மாமாவும் சளைக்காமல் மூன்று தடவை வேட்டிக் கரையை மாற்றினார். எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியின் புதுச் சுற்றுச்சுவரைத் திறந்துவைக்கத் தலைவர் வருகிறார் என்றதும், அவருடைய வரலாற்றை ஒரு பக்கத்துக்கு எழுதி, அதை மேடையில் நான் பேசவேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு நான் நிறுத்த வேண்டும். முன்வரிசையில் மாமாவின் ஆட்கள் கைதட்டுவார்கள். அதைப் பார்த்துக் கூட்டமும் தட்டும்.

எங்கள் பள்ளி எட்டாம் வகுப்போடு சரி. ஒன்பதாவது படிக்க சிவகாசி போகவேண்டும். காலையில் ஒரே பஸ், அதுவும் கம்பெனி ஆட்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்காமல் போய்விடும். அதனால் எட்டு முடித்த பெண்பிள்ளைகள் வீட்டோடு உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுவார்கள். அந்த வருஷம் என் முறை. பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்த அம்மா, என்னை அதில் உட்காரவிடுவதில்லை என்று ஒரே பிடிவாதமாக இருந்தாள்.

விழாவுக்கு முந்தின நாள், மாமாவின் தாளில் இல்லாத ஒரு வரியைச் சொல்லிக்கொடுத்தாள்.

"நாலாந் தடவை ஓட்டுக் கேட்டு வந்தப்ப, இந்தப் பள்ளிக்கூடத்தப் பத்தாவது வரைக்கும் ஆக்கித் தாரேன்னு சொன்னாக. நானுந்தான் நின்னு கேட்டேன். அந்த ராசாவுக்கு அடுத்தாப்புல இதச் சொருவிரு."

"மாமா வைவாகளே?"

"வையட்டும். சத்தமாச் சொல்லணும். முழுங்குன, தொலைச்சிருவேன்."

மேடையில் தலைவருக்கு ஒரு பக்கம் தலைமையாசிரியர், மறுபக்கம் அம்மா வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி. பந்தல் செலவு முதலாளியுடையது. நான் சிறையைச் சொன்னேன், கைதட்டல். மந்திரி பதவிகளைச் சொன்னேன், கைதட்டல். ராஜா வந்து போனார். பிறகு, "நான்காம் முறை வாக்குக் கேட்டு வந்தபோது, இப்பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்குவேன் என்று வாக்களித்த வள்ளல் அவர்கள்!" என்று முழங்கினேன். வள்ளல் என் சொந்தச் சரக்கு.

முன்வரிசை பழக்கதோஷத்தில் தட்டிவிட்டது. மாமாவின் கைகள் மட்டும் பாதியில் நின்றன. பின்னால் இருந்த பெண்களோ தட்டினார்கள், தட்டினார்கள், நிறுத்துவதாக இல்லை. தலைமையாசிரியர் கையிலிருந்த தாளில் அந்த வரியைத் தேடிக்கொண்டிருந்தார்.

தலைவரின் முகம் கொஞ்சமும் மாறவில்லை. அரை நூற்றாண்டு அரசியல் என்றால் சும்மாவா? அவரும் கைதட்டினார். மைக்கை வாங்கி, அடுத்த வருஷமே உயர்நிலைப் பள்ளி என்று அறிவித்தார். என்னைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார். எடுத்து முடிந்ததும் குனிந்து, "நல்லாப் பேசுறியேத்தா. அந்த வரிய யாரு சொல்லிக் குடுத்தாக?" என்றார்.

"எங்கம்மா" என்று கூட்டத்தில் கை காட்டினேன். எங்கே வேலை என்று கேட்டார். அதையும் சொன்னேன். தலைவர் முதலாளியைத் திரும்பிப் பார்த்து, "நம்ம கம்பெனி ஆளுதானா?" என்று சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை, தினமும் அம்மாவை ஏற்றிப்போகும் கம்பெனி வேன் எங்கள் வீட்டு முன்னால் நிற்காமல் போனது. மறுநாளும் போனது. மாமா வாசலில் நின்றபடியே, "ஒனக்கு இது தேவையாக்கா?" என்று கேட்டார்.

"எம்மக ஒம்பதாவது போவா. அம்புட்டுத்தேன்" என்றாள் அம்மா.

போனேன். தினமும் அம்மாதான் மெயின் ரோடு வரை நடத்திக் கூட்டிப்போய் பஸ் ஏற்றினாள். பிறகு அவளுக்குத் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் காலண்டர் தாள் அடுக்கும் வேலை கிடைத்தது. எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியைத் தலைவர் எட்டாம் முறை ஜெயித்த பிறகு திறந்துவைத்தார். அப்போது நான் கல்லூரியில் இருந்தேன்.

இதெல்லாம் பின்னால். வேன் நிற்காமல் போன அந்த வாரம் எனக்கு ஒரே கொண்டாட்டம். பள்ளி விட்டு வந்தால் அம்மா வீட்டில் இருந்தாள், பகலில், என் நினைவு தெரிந்து முதல்முறையாக. நான் நன்றாகப் பேசியதற்காகத் தலைவர் எங்கள் அம்மாவுக்கு லீவு கொடுத்துவிட்டார் என்று வகுப்பு முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.