கல்லுக்கும் சவுரி

இன்று பூந்தமல்லி பங்களாவில் துரைசானிக்குத் தமிழ்ப் பாடம். உள்ளே நுழைந்தால், பட்லர் தரையில் உட்கார்ந்திருக்கிறார், முகத்தில் ஈயாடவில்லை.

"தொடச்சிகினு இருந்தேன் டீச்சரம்மா. மண்ட பேந்துகினு வந்துட்ச்சி. எம் பொழப்பு போச்சு!"

துரை சீமையிலிருந்து கொண்டுவந்த ரோமாபுரிச் சீமாட்டியின் சலவைக்கல் தலை மேஜைமேல் மொட்டையாக நின்றது. முறுக்குப் போலப் பின்னலைச் சுற்றிய அவள் கொண்டை பட்லர் மடியில்.

சிலையின் மொட்டையைத் தடவிப் பார்த்தேன். உடைந்த கல் சொரசொரக்கும், இது வழவழவென்றிருந்தது. கொண்டையின் உள்பக்கமும் அப்படியே. எடுத்து வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது.

"ஒடயலண்ணே, இது சவுரி!"

"கல்லுக்கு இன்னாத்துக்கும்மா சவுரி?"

பின்னாலிருந்து துரைசானி சிரித்தார். அந்தக் கால ரோமாபுரியில் கொண்டை மோஸ்தர் மாறினால், முகத்தை அப்படியே விட்டுவிட்டுக் கல் முடியை மட்டும் புதிதாகச் செய்து மாட்டுவார்களாம்.

பிறகு என்னைப் பார்த்து, தமிழிலேயே கேட்டார்: "டீச்சர் எப்படிக் கண்டுபிடிச்சது?"

என் கை தானாகப் பின்னந்தலைக்குப் போனது. சட்டென்று வேற்றுமை உருபுக்குத் தாவிவிட்டேன்.

சிநேகிதிகளே, நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

கொண்டையைத் தொட்டுச் சொல்லுங்கள்.