வாசலில் படுத்திருந்த ரெப்ரஸர்

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் தெருவில் நின்று கேட்கும் முதல் கேள்வி, "பால்காரர் வந்தாச்சா?" என்பதுதான். காரணம் எங்கள் நாய். வெள்ளை வெளேரென்று, கேட்டை அடைத்துப் படுத்திருக்கும். யாரையும் கடித்ததில்லை. தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்க்கும், அவ்வளவுதான். தபால்காரர்கூட கடிதத்தைச் சுவருக்கு மேலே வீசிவிட்டுப் போய்விடுவார்.

பால்காரருக்கு மட்டும் வழி உண்டு. எங்கள் வீட்டில் முதல் பால் நாய்க்கு. அதன் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிய பிறகுதான் அம்மா பாத்திரத்தை நீட்டுவாள். பால் கேனின் சத்தம் கேட்டதும் நாய் எழுந்து அடுக்களைப் பக்கம் ஓடும். அந்த நேரம் பார்த்து விருந்தாளிகள் திமுதிமுவென்று உள்ளே வந்துவிடுவார்கள். சிரட்டை காலியானதும் நாய் மறுபடி வாசலில்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போய் பி.எஸ்.சி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். தமிழில் படித்து வந்தவள் என்பதால் ஆங்கிலப் பாடத்தை நெட்டுருப் போட்டே காலத்தை ஓட்டினேன். ஜெனடிக்ஸ் செய்முறைத் தேர்வில் அந்த வித்தை பலிக்கவில்லை, ஒருமுறை கோட்டை விட்டேன். அப்பா சொல்லிவிட்டார்: "ஏட்டி, இந்தத் தடவ பாஸாயிட்டா எம்.எஸ்.சி. படி. இல்லேன்னா கல்யாணத் தரகர வரச் சொல்லிருவேன்." சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை அவர்.

மறுதேர்வின் வாய்மொழிப் பகுதிக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் எடுத்த எடுப்பில் கேட்டார், "ரெப்ரஸர்னா என்னம்மா?"

"ஜீனை அழிக்கிற புரதம் சார்."

"அப்படியா? குடல்ல இருக்கிற பாக்டீரியாவுக்குப் பால் சர்க்கரையச் செரிக்க ஒரு ஜீன் இருக்கு. அத ரெப்ரஸர் அழிச்சிருச்சுன்னா, பொறவு பால் வந்தா பாக்டீரியா என்ன செய்யும்?"

ஒரு வருடமாக அழிப்பது என்றே நினைத்திருக்கிறேன்! பால், பால் என்று மனசு அடித்துக்கொண்டது. அப்போதுதான் எங்கள் வீட்டு கேட் கண்முன் வந்தது.

"அழிக்காது சார். வழிய மறிச்சுப் படுத்திருக்கும். எங்க வீட்டு நாய் மாதிரி."

வாய் தவறி வந்துவிட்டது. அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லு, சொல்லு."

"ஜீன் நல்லாத்தான் இருக்கும் சார். முன்னால ரெப்ரஸர் ஒட்டிக்கிட்டு இருக்கிறதால வேல நடக்காது. பால் சர்க்கரை வந்து ரெப்ரஸரைப் பிடிச்சதும் அது இடத்த விட்டு விலகிரும். வழி கிடைக்கும், செரிக்கிறதுக்கு வேண்டிய நொதி உண்டாகும்."

"சர்க்கரை தீந்த பொறவு?"

"மறுபடி வந்து படுத்துக்கிடும் சார்."

அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "நாய நான் விசாரிச்சதாச் சொல்லு. போ, நீ பாஸு."

பஸ் ஸ்டாண்டில் கால் கிலோ பால்கோவா வாங்கினேன். அவ்வளவு சந்தோஷமாக அந்த பஸ்ஸில் நான் அதற்கு முன் உட்கார்ந்ததில்லை. நேரே நாயிடம் ஓடி, அடுக்களைப் பக்கம் இருந்த சிரட்டையில் ஒரு கை பால்கோவாவை வைத்தேன். நாய் எழுந்து வந்தது.

அதுவரை எதிர்வீட்டு நிழலில் நின்றிருந்த ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார். தரகர்! நான் தேற மாட்டேன் என்று அப்பா முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார் போல. அரைமணி நேரமாக நாய் மறித்து வைத்திருந்த ஆளுக்கு நானே வழிவிட்டிருக்கிறேன். சொந்தக் காசில் சூனியம்.

அப்பா வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தார். "என்னட்டி ஆச்சு?"

"பாஸுன்னு பரீட்சை வச்ச சாரே சொல்லிட்டாருப்பா."

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கித் தரகரிடம் நீட்டினார். "எடுத்துக்கோங்க. பிள்ள மேல படிக்கப் போறா. ரெண்டு வருசம் கழிச்சு வாங்க."

தரகர் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவர் அப்படியே நின்றார். சிரட்டையை நக்கி முடித்த நாய் கேட்டை அடைத்துப் படுத்திருந்தது.

"ஏம்மா," என்றார் என்னைப் பார்த்து, "பால்காரர் எத்தன மணிக்கு வருவாரு?"