காரம் விட்ட தவக்காலம்

என் வீட்டுக்காரர் அற்புதசாமிக்கு வாய் ஓயாது. பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பது வருடம் ஃபிட்டர் வேலை. அந்த இரும்புச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர், ரிட்டயர் ஆன பிறகும் வீட்டில் அதே குரலில்தான் பேசுவார். சாப்பாட்டில் காரம் சுரீரென்று ஏற வேண்டும். தவக்காலத்தில்கூட வெள்ளிக்கிழமை கறியை விட்டுவிட்டு, சனிக்கிழமை அதையும் சேர்த்துச் சாப்பிடுகிற ஆள்.

அப்படிப்பட்டவர் இந்த வருடம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, "ரோசரி, ஈஸ்டர் வரைக்கும் எனக்குக் காரமே வேணாம். கஞ்சியும் மோர்சாதமும் போதும்" என்றார். பங்குச் சாமியார் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஜெபக்கூட்டத்துப் பெண்கள், "எங்க வீட்லயும் இருக்கே ஒண்ணு" என்று பெருமூச்சு விட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் கடவுள் இவரைத் திருத்திவிட்டார் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நோன்புக்கு நடுவே அவர் கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்தது விழுந்துவிட, பாலக்கரையில் பல் டாக்டர் ஆன்சியிடம் போனோம். சின்னப் பெண். பல்லைப் பார்ப்பாள் என்று பார்த்தால், நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து இப்படியும் அப்படியும் புரட்டினாள். கன்னத்துக்குள் விரலை விட்டுத் தடவினாள். எனக்கு எரிச்சல் வந்தது.

"பல்லு பின்னாடி இருக்குங்க டாக்டர்" என்றேன்.

"யார் வந்தாலும் முதல்ல வாய் முழுக்கப் பார்த்துடுவேம்மா" என்றவளின் கை நின்றது. "சார், நாக்கு ஓரத்துல சிவப்பும் வெள்ளையுமா ஒரு திட்டு இருக்கு. காரம் பட்டா எரியுதா?"

"அவரு காரமே தொடறதில்லைங்க. தவக்காலம்" என்றேன் பெருமையாக.

"அதுக்கு முன்னாடி?"

அவர் மேலே சுழலும் ஃபேனைப் பார்த்தார். "கிறிஸ்மஸ்லேர்ந்து எரியுதுங்க."

எனக்கு வந்த கோபத்தில் அந்த நாற்காலியோடு அவரைத் தள்ளிவிட்டிருப்பேன். பணிமனை வேலை என்று தெரிந்ததும், நைட் ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க வாயில் புகையிலை ஒதுக்கியது உண்டா என்று ஆன்சி கேட்டாள். விட்டுப் பல வருடம் ஆச்சே என்றார். விட்டிருந்தாலும் வருடா வருடம் வாயைக் காட்ட வேண்டும் என்றாள்.

துளி சதையை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரும்வரை எனக்கு ஒரே பயம்தான். நாக்கையே எடுத்துவிடுவார்களோ? பேச்சில்லாத அற்புதசாமியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? இவர் குரல் கேட்காத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது.

புற்றுநோய்தான். ஆனால் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, அந்த இடத்தை மட்டும் எடுத்தால் போதும், பேச்சு போகாது என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டித் தைத்தார்கள். நான்காம் நாள் கொஞ்சம் குழறலாகப் பேச ஆரம்பித்தார். நானும் ஆரம்பித்தேன்.

"எரியுதுன்னு சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு அதை நோன்புன்னு மூடி மறைச்சீங்க?"

"சொன்னா நீ அழுவியேன்னுதான்."

"சொல்லாமலே நீங்க போய்ச் சேர்ந்திருந்தா, நான் சிரிச்சுக்கிட்டா இருந்திருப்பேன்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் இழுக்க, முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் எதிரிலேயே, வேண்டிய மட்டும் அழுதேன்.