பூனாவுக்குப் புறப்பட்ட சமையலறை

மாட்டுங்கா மகாதேவனுக்குக் கவலைப்படுவது இரண்டாவது உத்தியோகம். ரயில்வே கணக்கு ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதுவே முழுநேர உத்தியோகமாகிவிட்டது. பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிங்ஸ் சர்க்கிள் வரை போவார், சந்தேகம் வந்து திரும்பி வருவார்.

அறுபத்துமூன்றாவது வயதில் அவருக்கு வந்த கவலை உண்மையிலேயே பெரியது. பூனாவில் இருந்த ஒரே மகள் அம்மிணிக்குத் தலைப்பிரசவம், நிறைமாசம். கூட வேலை பார்த்த மராத்திப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டவள். அன்றிலிருந்து அப்பாவும் அம்மாவும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இப்போது போகாமல் இருந்தால் மனுஷத்தனம் இல்லை. ஆனால் போனால், மடி தவறாத மனைவி அபயாம்பாள் மீன் சமைக்கும் வீட்டில் எங்கே சாப்பிடுவாள்? நினைத்து நினைத்து மகாதேவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செம்பூரில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் சீமைக்குத் திரும்பும் அவசரத்தில் தன் டிரெய்லரை விற்றார். சக்கரம் வைத்த சின்ன வீடு அது. மகாதேவன் வாங்கிவிட்டார். அதையே மடிச் சமையலறையாக்கி அம்மிணி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், மகளும் பக்கத்தில், ஆசாரமும் பத்திரம். எவ்வளவு சமத்து என்று தன்னையே மெச்சிக்கொண்டார். மறுநாளே அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. இதை எந்த வண்டி இழுக்கும்?

தாராவியில் பிக்கப் வண்டிகளை வாடகைக்கு விட்டுவந்த மேலப்பாளையத்துக்காரர் காசிம் இரண்டைக் காட்டினார்.

"சாமி, இந்தச் சின்னதுக்கு பிரேக் புதுசு. அந்தப் பச்சை மிலிட்டரி ஏலத்துல எடுத்தது, என்னத்தக் கட்டினாலும் இழுத்துரும். பிரேக்குதான் பழசு. எது வேணும்னு சொல்லுதிய?"

"மலை ஏறறச்சே இழுக்கவும் இழுக்கணும், பின்னாடி உருளாமப் பிடிக்கவும் பிடிக்கணுமே!"

"உள்ள என்னத்த ஏத்துவிய?"

"ரெண்டு பேருக்குச் சமையல் சாமான்தான்."

காசிம் ஒரு ஸ்டவ்வையும் நாலு பாத்திரத்தையும் நினைத்துக்கொண்டார். காலி டிரெய்லரை மாட்டி சயான் வரை ஓட்டிப் பார்த்தார்கள். சின்ன வண்டி அலுங்காமல் இழுத்தது. புது பிரேக்கை நம்பி மகாதேவன் அதையே எடுத்தார். எடுத்த நிமிஷமே பச்சையை எடுத்திருக்கலாமோ என்று கவலைப்பட ஆரம்பித்தார்.

புறப்படும் நாள் காலை அவரே முன்னின்று சாமான் ஏற்றினார். ஆட்டுக்கல், அம்மி, வெண்கலப் பானைகள், கரி மூட்டை, வாய் கட்டிய தண்ணீர்க் குடங்கள் எல்லாம் ஏறின.

"இத்தனை எதுக்குன்னா?" என்றாள் அபயாம்பாள்.

"நீ பட்டினி கிடக்கப்படாது."

காசிம் வந்து பார்த்து வாயைப் பிளந்தார். "இது சமையல் சாமானா சாமி? கோயில் மடப்பள்ளியையே பேத்துக்கிட்டு வாரியளே! பச்சை வண்டியும் வேற சவாரி போயிருச்சு."

அம்மிணிக்கு எந்த நேரமும் வலி எடுக்கலாம். காசிமே வண்டியை ஓட்ட, புறப்பட்டுவிட்டார்கள்.

கோபோலி தாண்டி மலைச்சாலை ஏறத் தொடங்கியதும் வண்டி முனகியது. வளைவுக்கு வளைவு வேகம் குறைந்தது. மகாதேவன் கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் பள்ளம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. கடைசியில் ஒரு செங்குத்தான ஏற்றத்தில் இஞ்சின் புகைந்து நின்றது. டிரெய்லர் பின்னால் இழுக்க, பிக்கப் ஒரு முழம் உருண்டது. காசிம் பிரேக்கை மிதித்துப் பிடித்தார். மகாதேவன் இறங்கி ஓடி, கைக்குக் கிடைத்த கல்லையெல்லாம் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்.

"இதுக்கு மேல ஏறாது சாமி," என்றார் காசிம். "டிரெய்லர அவுத்து ஓரமா நிறுத்திட்டு நாம மட்டும் போவோம். இல்ல, பைய கீழ இறக்கிட்டு ஊரப் பாக்கத் திரும்புவோம்."

"திரும்பிடலாம்," என்றார் மகாதேவன். சொல்லும்போதே மகளின் முகம் கண்முன் வந்தது. "இது இல்லாம அபயம் அங்கே எப்படிச் சாப்பிடுவா?"

அபயாம்பாள் வண்டியிலிருந்து இறங்கினாள். "சாப்பிட மாட்டேன்னு நான் எப்போ சொன்னேன்?"

"உன் மடி..."

"மடி நம்மாத்துல. பெத்த பொண்ணு ஆத்துல நேக்கு என்ன மடி? அன்னிக்கு மாப்பிள்ளை மூஞ்சிக்கு நேரே, 'ஒங்காத்துல பச்சைத் தண்ணி குடிக்க மாட்டோம்'னேள். 'மாட்டேன்'னு சொல்லலை. 'மாட்டோம்'னேள். நேக்கும் சேர்த்து நீங்களே சொல்லிட்டேள். ஒங்க வார்த்தை கெடக்கூடாதேன்னு இத்தனை நாளா வாயைக் கட்டிண்டு கிடக்கேன்."

அன்றைக்கு அவளுக்காகப் பேசியதாகத்தான் மகாதேவன் இதுவரை நினைத்திருந்தார். அவள் ஆசாரத்தைக் காப்பாற்றுகிறோம் என்று பெருமை வேறு. எந்த வண்டி இழுக்கும் என்று ஊரெல்லாம் கேட்ட மனுஷன், இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அவுத்துடுங்கோ, காசிம் பாய்," என்றார்.

பூனா போய்ச் சேரும்போது சாயங்காலம். அம்மிணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பாவைப் பார்த்து, "ஏதாவது..." என்று ஆரம்பித்தவள், கேட்கக் கூடாத கேள்வி என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மகாதேவன் செருப்பைக் கழற்றினார். "ரொம்பப் பசிக்கறதுடி, அம்மிணி. ரெண்டு பேரும் இங்கேதான் சாப்பிடறோம்."